மூட்டு வலி: என்ன நோய் என்று தெரியும் வரை என்ன செய்வது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முழங்கால் வலிதான். வயது, சர்க்கரை, பிரஷர், இப்போது சாப்பிடும் மாத்திரையின் பெயர், இந்த நான்கையும் எழுதுங்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். நான்கையும் எழுதியவர்கள் இரண்டே பேர்.

பெரிய டாக்டரைப் பார்க்க மூன்று வாரம் ஆகும். அதுவரை வலியை எப்படித் தாங்குவது? (52 வயது, காரிமங்கலம்)

பாரசிட்டமால் 650, ஆறு மணி நேர இடைவெளியில் ஒரு நாளைக்கு 3, மிஞ்சிப் போனால் 4. கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் தினமும் குடிப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதையும் போடக்கூடாது. மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். வீக்கமில்லாமல் விறைப்பு மட்டும் என்றால் வெந்நீர் ஒத்தடம். தரையில் உட்கார்ந்து களி கிண்டுவது, குந்திப் பாத்திரம் விளக்குவது, களை எடுப்பது எல்லாவற்றையும் இந்த மூன்று வாரத்துக்கு வேறு யாராவது பார்க்கட்டும். தடி வைத்துக்கொண்டால், வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். இரவில் முழங்காலுக்கு அடியில் தலையணை வேண்டாம். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் நாளடைவில் கால் முழுதாக நீளாமல் போய்விடும்.

அப்புறம், காலையில் எழுந்ததும் விறைப்பு எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று தினமும் காலண்டரில் குறித்து வையுங்கள். அரை மணிக்குள் விட்டுவிட்டால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரம் நீடித்து, கை விரல்களும் மடங்க மறுத்தால் மூட்டை அரிக்கும் முடக்கு வாதமா என்று பார்க்க வேண்டும். எந்த ஸ்கேனுக்கும் முன்னால் டாக்டர் கேட்பது இதைத்தான்.

வீங்கிய முழங்காலுக்கு ஒகேனக்கலில் எண்ணெய் மசாஜ் செய்துகொள்ளலாமா? (பென்னாகரம்)

வீக்கம் இருக்கும்போது கூடாது. கெண்டைக்கால் சேர்ந்து வீங்கியிருந்தால் கை வைக்கவே விடாதீர்கள். உள்ளே ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், முதலில் டாக்டர் பார்க்க வேண்டும்.

முடக்கு வாதத்துக்காகப் பார்த்த ரத்தப் பரிசோதனையில் ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ். அப்படியானால் முடக்கு வாதம் இல்லைதானே? (கிருஷ்ணகிரி)

அப்படிச் சொல்ல முடியாது. முடக்கு வாதம் உள்ளவர்களிலேயே ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு நெகட்டிவ் வரும். நோயே இல்லாத சிலருக்குப் பாசிட்டிவ் வரும். லேப் தாளை மட்டும் அனுப்பி என்ன நோய் என்று கேட்காதீர்கள். எந்த மூட்டு, எத்தனை நாள், வீக்கம் உண்டா என்று எழுதுங்கள்.

அம்மாவுக்கு மெடிக்கலில் பொட்டலம் கட்டித் தரும் செட் மாத்திரை நன்றாகக் கேட்கிறது. மூன்று மாதமாகப் போடுகிறார். தொடரலாமா? (ஊத்தங்கரை)

என்ன மாத்திரை என்று எழுதவில்லை. உங்களுக்கும் தெரியாது, அதுதான் எனக்குக் கவலை.

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காகிதப் பொட்டலத்தை மேசையில் பிரித்தார். நான்கு மாத்திரைகள், ஒன்றின் மேலும் பெயர் இல்லை. முகம் நிலா மாதிரி உப்பியிருந்தது. கையில் தொட்ட இடமெல்லாம் ஊதா நிறத் திட்டு. "இதைப் போட்டால் மூணு கிலோமீட்டர் நடக்கிறேன் சாமி" என்றார். ஸ்டீராய்டு அப்படித்தான், இரண்டே நாளில் எழுந்து நடக்க வைக்கும். பிறகு சர்க்கரையை ஏற்றும், பிரஷரை ஏற்றும், எலும்பை உளுக்க வைக்கும். கூடவே டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை ஒன்றோ இரண்டோ இருக்கும். அது வயிற்றைப் புண்ணாக்கும். ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்குக் கிட்னியையும் பதம் பார்க்கும்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. ஸ்டீராய்டு உள்ளே இருக்கும்போது வீக்கம் வடிந்துவிடும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவும் இறங்கிவிடும். டாக்டர் தொட்டுப் பார்க்கும் மூட்டில் நோயின் அடையாளமே இருக்காது. முடக்கு வாதம் மட்டும் உள்ளே மூட்டை அரித்துக்கொண்டே இருக்கும். சரியான மருந்தை ஆரம்பிக்க வேண்டிய மாதங்கள் இப்படியே போகின்றன.

தம்பி, இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிடாதீர்கள். உங்கள் அம்மாவின் மாத்திரையிலும் ஸ்டீராய்டு இருக்கலாம். மூன்று மாதம் அதை எடுத்த உடம்பில் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் விழுந்து மயக்கம் வரும். உயிருக்கே ஆபத்தாகலாம். அம்மாவையும் பொட்டலத்தையும் சேர்த்து இந்த வாரமே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். சர்க்கரை, கிரியேட்டினின் (கிட்னிக்கான ரத்தப் பரிசோதனை), பிரஷர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். படிப்படியாகக் குறைப்பது டாக்டரின் வேலை. இனி எந்தக் கடையிலும் அட்டையில்லாத மாத்திரையை வாங்காதீர்கள்.

போர் தண்ணீர்தான் குடிக்கிறோம். பல்லில் பழுப்புக் கறை, இப்போது முழங்காலும் இடுப்பும் விறைக்கிறது. (பாலக்கோடு)

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் இதைக் கேட்காமல் மூட்டு வலியைப் பார்க்கவே கூடாது. ஃப்ளூரைடு கூடினால் எலும்பும் தசைநாரும் இறுகும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் எல்லை. தண்ணீரைக் காய்ச்சினால் ஃப்ளூரைடு போகாது, இன்னும் கூடும். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரை மட்டும் பிடியுங்கள். டாக்டரிடம் போகும்போது போர் தண்ணீர் விஷயத்தை நீங்களாகவே சொல்லுங்கள்.

ராகிக் களி வாயுவாம், மூட்டுக்கு ஆகாதாம். உண்மையா? (அரூர்)

இல்லை. சர்க்கரை இருந்தால் உருண்டையின் அளவைக் குறையுங்கள். எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்குச் சுமார் 4 கிலோ சுமை குறையும்.

பிசியோதெரபிக்கு டவுனுக்குப் போக முடியவில்லை. (தேன்கனிக்கோட்டை)

2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. அதில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அதுவரை துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, கீழே அழுத்தி ஐந்து எண்ணுங்கள். 10 தடவை, மூன்று வேளை. முடிந்ததும் துண்டை எடுத்துவிடுங்கள்.

இரண்டு நாளாக ஒரு முழங்கால் மட்டும் சிவந்து வீங்கியிருக்கிறது, காய்ச்சலும் குளிரும் இருக்கிறது. என்ன மாத்திரை போடலாம்? (24 வயது, ஓசூர்)

போன் நம்பர் எழுதியிருந்ததால் கடிதம் கிடைத்த அன்றே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். விட்டால் சில நாளிலேயே குருத்தெலும்பு கரைந்துவிடும். நாளைக்குப் பார்க்கலாம் என்பது இதற்குக் கிடையாது, ராத்திரியானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். போகும் வழியில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். மூட்டு நீரை ஊசியில் எடுத்துச் சோதிக்கும்போது எந்தக் கிருமி என்று பிடிபடாமல் போய்விடும்.