கோவையில் ப்ளூஸ் ஜாம்: கேள்வி பதில்

மாதத்தின் முதல் வியாழக்கிழமை, அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு ஹோட்டல் பாரில் எங்கள் ப்ளூஸ் குழு வாசிக்கிறது. ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பினத்தவர் பாடி வளர்த்த இசை. முதல் ஒரு மணி நேரம் நாங்கள். அப்புறம் மேடை, வருகிறவர்களுக்கு. அதுதான் ஜாம். நான் பாஸ் கிட்டார். ஜாமுக்கு வருகிறவர்களை நோட்டில் எழுதி, வரிசையாகக் கூப்பிடுவதும் என் வேலைதான். சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவை கீழே.

சரவணம்பட்டி, ஐடி வேலை: அண்ணா, கொஞ்ச நாளா கிட்டார் வாசிக்கிறேன். ஜாமுக்கு வரப் பயமா இருக்குங்க. குறைஞ்சது என்ன தெரிஞ்சிருக்கணும்?

பன்னிரண்டு பார் தெரிந்தால் போதும் தம்பி. இந்தப் பார் நாலு அடி கொண்ட தாள அளவு, பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு சுற்று. ஈ-செவன், ஏ-செவன், பி-செவன், மூன்றே கார்டு (சேர்த்து ஒலிக்கும் சுரக் கூட்டு). முதல் நாலு பார் ஈ. அடுத்து ரெண்டு பார் ஏ, ரெண்டு பார் ஈ. ஒன்பதாவது பார் பி, பத்தாவது ஏ, கடைசி ரெண்டும் ஈ. பன்னிரண்டாவது பாரில் பி-க்குப் போய் நின்றால், மறுபடி முதலிலிருந்து வருகிறோம் என்று அர்த்தம். சில பாட்டுகளில் இரண்டாவது பாரிலேயே ஒரு தடவை ஏ-க்குப் போய்த் திரும்புவார்கள். அதற்கு க்விக் சேஞ்ச் என்று பேர். பாடுகிறவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

இதை மூடிய கண்ணோடு, தாளம் தவறாமல், பத்து நிமிஷம் சலிக்காமல் வாசிக்க வருகிறதா? வாருங்கள். சோலோ தெரியாவிட்டால் பாதகமில்லை. சோலோ மட்டும் தெரிந்து இது தெரியாத ஆட்கள்தான் மேடையில் எல்லோருக்கும் தொந்தரவு.

சைகைகளையும் பழகிக்கொள்ளுங்கள். பாடுகிறவர் உங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினால் அடுத்த சுற்று சோலோ உங்களுடையது. உச்சந்தலையைத் தட்டினால் முதலுக்குத் திரும்ப வேண்டும். முஷ்டியை உயர்த்தினால் முடிக்கப் போகிறோம். ஒரு விரல் மேலே காட்டினால் சுருதி ஜி, இரண்டு விரல் டி. ஒரு விரலைக் கீழே காட்டினால் எஃப். விரல் வைக்கும் ஃபிரெட்போர்டையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இதில் எதுவும் கண்ணில் படாது. சோலோ இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம்.

கோபி, கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவில் கிட்டார்: கிட்டாரைப் பிடிச்சுக்கிட்டு மைக்ல பாடினா உதட்டுல சுரீர்னு ஷாக் அடிக்குதுங்க. மைக் மட்டமா?

மைக்கைத் தப்பு சொல்லாதீர்கள். எர்த் இல்லை. இதைத் தள்ளிப்போடாமல் இன்றைக்கே சரி செய்யுங்கள்.

கிட்டார் கம்பி, ஒலியைப் பெருக்கும் ஆம்பின் உலோகச் சேசிஸோடு சேர்ந்திருக்கிறது. மைக்கின் கிரில் மிக்ஸரோடு சேர்ந்திருக்கிறது. ஆம்ப் ஒரு பிளக் பாயின்ட், மிக்ஸர் இன்னொரு பாயின்ட், இரண்டில் ஒன்றுக்கு எர்த் கிடையாது என்றால் நடுவில் நீங்கள்தான் ஒயர். மின்சாரம் கைவழியாக வந்து உதடுவழியாகப் போகும். 1972-இல் இங்கிலாந்துக்குப் பக்கத்திலுள்ள வேல்ஸில், ஸ்வான்சீ நகர மேடையில், லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு அங்கேயே இறந்துபோனார். வயது முப்பதுகூட ஆகவில்லை.

செய்ய வேண்டியது: ஆம்ப், மிக்ஸர் இரண்டுக்கும் ஒரே போர்டிலிருந்து லைன் எடுங்கள். மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கும் பெரிய பின்னை யாராவது வெட்டியிருந்தால் அந்த பிளக்கைத் தூக்கிப் போடுங்கள். மண்டபத்தில் ஜெனரேட்டர் மாறிய பிறகு டெஸ்டரை மறுபடி வைத்துப் பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்ட எக்ஸ்டென்ஷன் போர்டை ஒரு எலக்ட்ரீஷியனிடம் சொல்லிக் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். மோட்டார் பட்டறைக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு எர்த் இல்லாமல் சாகக் கூடாது.

சூலூர், கல்லூரி மாணவர்: முதல் எலக்ட்ரிக் கிட்டார் எது வாங்கலாம்?

பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கை ஆம்புக்கு ஒதுக்குங்கள். மீதியில், சுருதி நிற்கிற எந்தக் கிட்டாரும் சரி. கடையிலேயே கம்பியை இழுத்து வளைத்து வாசித்துப் பாருங்கள். மறுபடி சுருதிக்கு வந்து நிற்கிறதா என்பதுதான் பரீட்சை. வாங்கியதும் செட்டப் (கம்பி உயரம், சுருதி சரிபார்ப்பது) செய்யச் செலவு செய்யுங்கள்.

ஆர்.எஸ்.புரம், வயலின் ஆசிரியை: நீங்கள் வாசிக்கும் ப்ளூஸ் ஸ்கேல் எங்கள் சுத்த தன்யாசி ராகம்தானே? இதில் புதிதாக என்ன இருக்கிறது?

சுரங்கள் அதேதான் அம்மா. ஸ, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். அதோடு பிரதி மத்யமத்தைத் தொட்டுக்கொண்டால் ப்ளூஸ் ஸ்கேல். ஆனால் அடியில் ஓடும் கார்டைப் பாருங்கள். ஈ-செவனுக்குள் இருப்பது அரைச்சுரம் மேலான அந்தர காந்தாரம். மேலே பாடுகிறவர் சாதாரண காந்தாரம் பிடிக்கிறார். இரண்டும் ஒன்றோடொன்று உரசும். அந்த உரசலுக்காகத்தான் எல்லோரும் வருகிறார்கள்.

அதே ஆசிரியை: உரசலை நாங்கள் அபஸ்வரம் என்போம்.

சொல்வீர்கள் என்று தெரியும். ஆனால் பாடுகிறவர் சாதாரண காந்தாரத்தில் சரியாக நிற்பதில்லை. கொஞ்சம் மேலே தள்ளி, இரண்டு காந்தாரத்துக்கும் நடுவில் நிற்கிறார். கிட்டார்காரர் கம்பியை வளைத்து அங்கே போகிறார். வயலினில் உங்களுக்கு அது விரல் நுனி விஷயம். பியானோவில்தான் வழியில்லை. அதனால் ப்ளூஸ் பியானோக்காரர்கள் இரண்டு கட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாக நசுக்கி ஒப்பேற்றினார்கள்.

ஈரோடு, கீபோர்டு: நசுக்கி ஒப்பேற்றவில்லை. அதுவே ஒரு அழகு. டீச்சர் சொல்வதும் தப்பில்லை, கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) என்றால் இதுதான்.

அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். கமகத்தோடு சேர்க்கும்போது ஒன்றை விட்டுவிடுகிறீர்கள். தம்புரா நகராது, ப்ளூஸில் அடித்தளம் நகர்கிறது. ஈ கார்டின் மேல் உரசிக்கொண்டிருந்த அதே சாதாரண காந்தாரம், ஐந்தாவது பாரில் ஏ-செவன் வந்ததும் அந்தக் கார்டுக்குள்ளேயே ஒரு சுரமாகிவிடுகிறது. பாடுகிறவர் அதே வரியை, அதே சுரத்தில், இரண்டாம் தடவை பாடுவது அந்த இடத்தில்தான். தொண்டை மாறவில்லை, கீழே இருக்கும் தரை மாறியதில் வரியின் அர்த்தமே மாறிக் கேட்கும். சுத்த தன்யாசியை எவ்வளவு நன்றாகப் பாடினாலும் அதில் இந்தச் சங்கதி கிடையாது. அதில் கிடைப்பது இதில் கிடையாது.

பொள்ளாச்சி, மிருதங்கம்: ராகத்தை விடுங்க. ப்ளூஸ் தாளத்தை ஷஃபிள்னு நீங்க சொல்றது, அடிக்கு மூணா வர்ற திஸ்ர நடைதானுங்க?

ஆமாம், தகிடவில் நடு எழுத்தை முழுங்கிவிட்டால் ஷஃபிள். ஆனால் எல்லா வேகத்திலும் அந்தக் கணக்கு நிற்காது. மெதுவான பாட்டில் மூன்றும் நன்றாக விரிந்து கேட்கும். வேகம் ஏற ஏற இடைவெளி சுருங்கி, கிட்டத்தட்டச் சமமாகிவிடும். அதை டிரம்மர் காதால்தான் பிடிக்கிறார்.

உங்களுக்கு ஒரு கணக்கு தருகிறேன். பன்னிரண்டு பார் என்றால் 48 அடி. எட்டு அடி ஆதி தாளத்தில் சரியாக 6 ஆவர்த்தனம் (சுற்று). மூன்றாவது ஆவர்த்தனத்தின் சமத்தில் (முதல் அடியில்) ஏ கார்டு விழும், ஐந்தாவதின் சமத்தில் பி. இதை வைத்துக்கொண்டு மிருதங்கத்தோடு வந்தால் உட்கார வைக்கிறேன். இரண்டாவது, நாலாவது அடியில் டிரம்மர் ஸ்னேர் டிரம்மை அடிப்பார். அந்த இடத்தை மட்டும் அவருக்கு விட்டுவிடுங்கள்.

ஈரோடு, கீபோர்டு: அப்படியானால் ஆறாவது ஆவர்த்தனத்தில் ஒரு மோரா (மூன்று தடவை வாசித்து முடிக்கும் சொற்கட்டு) வைத்து...

வைக்கக் கூடாது. அங்கே, முதலுக்குத் திரும்ப வழிகாட்டும் டர்ன்அரவுண்ட் இருக்கிறது. மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், இதோடு விடுவோம்.

திருப்பூர், பனியன் கம்பெனி: ஸ்டார்ட்டிங்க்கு எந்த கிட்டார் நல்லதுங்க?

சூலூர் தம்பிக்குச் சொன்னதேதான்.

காந்திபுரம், பெயர் வேண்டாம் என்கிறார்: நான் பாடுவேன். பெண்கள் வருகிற இடமா அது? ப்ளூஸ் ஆண்கள் சமாச்சாரம் என்று அண்ணன் சொல்கிறான்.

அண்ணனிடம் 1920 என்று சொல்லுங்கள் அம்மிணி. கறுப்பினப் பாடகர் பாடி வெளிவந்து விற்றுத் தீர்ந்த முதல் ப்ளூஸ் இசைத்தட்டு அந்த வருஷம் மேமி ஸ்மித் என்ற பெண் பாடியது. அதற்கப்புறம் மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித் என்று ஒரு வரிசை. கிட்டாரோடு தனியாக உட்கார்ந்து பாடிய ஆண்கள் தட்டுக்கு வந்தது அதற்குப் பிறகு. இன்றைக்கு நம் நாட்டிலும் ஷில்லாங்கின் சோல்மேட் குழுவில் முன்னால் நின்று பாடுகிறவர் திப்ரிதி கர்பங்கார்.

மேடைக்குப் பக்கத்து மேசை பாடுகிறவர்களுக்கும் கூட வருகிறவர்களுக்கும் என்று ஒதுக்கியிருக்கிறோம். தோழியைக் கூட்டி வாருங்கள், அண்ணனையும்தான். ஒரு வேண்டுகோள்: பாட்டின் பேரைச் சொல்வதற்கு முன்னால் கட்டையை, அதாவது உங்கள் சுருதியைச் சொல்லுங்கள். உங்களுக்கு ஐந்து கட்டை என்றால் ஜி. மூன்று கட்டை ஈ, ஆறு கட்டை ஏ. அதைச் சொல்லாமல் ஆரம்பித்தால் பாதியில் தொண்டை எட்டாது.

கவுண்டம்பாளையம், ஹார்மோனிகா: ஈ சுருதிப் பாட்டுக்கு ஈ ஹார்ப் (ஹார்மோனிகா) வாங்கினேன். ப்ளூஸ் மாதிரியே வர மாட்டேங்குது.

ஏ ஹார்ப் வாங்குங்கள். ஊதுவதைவிட உறிஞ்சுவதில்தான் ப்ளூஸ் இருக்கிறது, வளைகிற சுரங்கள் அந்தப் பக்கம். பாட்டு ஏ என்றால் டி ஹார்ப், ஜி என்றால் சி ஹார்ப்.

பல்லடம்: பருத்தி அமெரிக்காவுலயும் விளையுது, இங்கேயும் விளையுது. அதனால ப்ளூஸ் நம்ம இசை மாதிரிதானுங்க?

இல்லைங்க. மிசிசிப்பியில் அதைப் பாடியவர்கள் அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். குத்தகைக் கடனில் மாட்டிக்கொண்டவர்கள். ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் ஒரு தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்து 1943-இல் சிகாகோவுக்கு ரயில் ஏறினார். அங்கே கிளப்புகளில் கூட்டத்தின் இரைச்சலில் சாதாரண கிட்டார் கேட்கவில்லை என்றுதான் எலக்ட்ரிக்குக்கு மாறினார். அவர்கள் பட்டதை நாம் பருத்தி என்ற ஒரு சாக்கில் பங்கு கேட்க முடியாது. வாசிக்கலாம், மரியாதையோடு.

சோமனூர்: தமிழ்ல ப்ளூஸ் எழுத முடியுமாங்க?

நன்றாகவே முடியும். ஒரு வரி, அதே வரி மறுபடி, மூன்றாவதில் பதில். எங்கள் ஒத்திகை நடப்பதே உங்கள் ஊர்ப் பக்கம் ஓடாமல் நின்றுபோன ஒரு தறிக்குடோனில். சிமென்ட் ஷீட் கூரை எதிரொலிக்காமல் இருக்கப் பழைய மெத்தைகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம், டிரம்ஸ் அதிர்ந்தால் இன்னமும் பஞ்சுத் தூசி உதிர்கிறது. அங்கே கட்டியது இது:

தறி நின்னு மாசமாச்சு, வாடகை நிக்கலையே
தறி நின்னு மாசமாச்சுங்க, வாடகை நிக்கலையே
ஓனரு வந்து கூப்படறாரு, நான் ஊட்டுலயே இல்லையே

ஒவ்வொரு வரியும் இரண்டு பாருக்குள் முடிய வேண்டும். அடுத்த இரண்டு பார் கிட்டார் பதில் சொல்ல. தமிழில் எழுதுகிறவர்கள் அந்த இடத்தையும் வார்த்தையால் அடைத்துவிடுகிறார்கள்.

ஒரு பார் மேலாளர்: சினிமா பாட்டு கேட்டா என்ன பண்ணுவீங்க?

டிஷ்யூ பேப்பரில் எழுதி வெயிட்டரிடம் கொடுத்தனுப்புவார்கள். ஒன்று வாசிப்போம், ஷஃபிளில். உங்களுடையது மொட்டைமாடி என்றால் ஒன்று: திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. 2000-ஆம் வருஷ ஒலி மாசு விதி.

பிளஸ் டூ மாணவர், உடுமலை: நான் வரலாமா?

பாருக்கு 21 வயது ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடோனுக்கு வா, அப்பாவிடம் சொல்லிவிட்டு.

பீளமேடு: பிகினருக்கு எந்த கிட்டார்...

மேலே.

மேட்டுப்பாளையம்: என் ஆம்ப் பிளக்ல பெரிய பின் இல்லைங்க. அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமா?

முடியாது. பிளக் மாற்றிக்கொண்டு வாருங்கள், வாசலில் பார்த்துவிட்டுத்தான் பேரை எழுதுவேன்.