ரேம்தான் ஏற்கெனவே ஓடுதே, அப்புறம் எதுக்கு இந்த நம்பர் டேபிள்?

கேள்வி: பழைய தோஷிபா ஏசி100 குட்டி லேப்டாப் ஒண்ணு கைக்கு வந்துச்சு சார், டெக்ரா 2 சிப். அதோட லினக்ஸ் டிவைஸ் ட்ரீ ஃபைலை (போர்டுல என்னென்ன ஹார்டுவேர் இருக்குன்னு கெர்னலுக்குச் சொல்ற ஃபைல்) திறந்தா மெமரி கன்ட்ரோலர்னு போட்டு வரிசையா ஹெக்ஸ் நம்பரா கொட்டி வெச்சிருக்காங்க. கெர்னலை ஏத்தி விடற பூட்லோடரே ரேமை ஓட வெச்சிடுதே, கெர்னலுக்கு இது எதுக்கு? தூக்கிட்டா என்ன ஆகும்?

பதில்: தூக்கினாலும் பூட் ஆகும், ஆனா பூட்லோடர் விட்டுட்டுப் போன ஸ்பீடுலயேதான் ரேம் கடைசி வரைக்கும் ஓடும், சும்மா கிடக்கும்போது இறக்கி பேட்டரியை மிச்சம் பிடிக்கற வேலையே நடக்காது.

ஸ்பீடை மாத்தறதுன்னா க்ளாக்கை மட்டும் மாத்தினா போதாதுங்க. டேட்டா அழிஞ்சு போகாம இருக்க ரேமை அப்பப்ப திரும்ப சார்ஜ் பண்ற ரெஃப்ரெஷையே எடுத்துக்கோங்க, டிடிஆர்2 ரேமுக்கு சராசரியா 7.8 மைக்ரோசெகண்டுக்கு ஒரு தடவை ரெஃப்ரெஷ் போகணும், ஆனா கன்ட்ரோலருக்கு மைக்ரோசெகண்டெல்லாம் தெரியாது, க்ளாக்கைத்தான் எண்ணும். 333 மெகாஹெர்ட்ஸ்ல அது கிட்டத்தட்ட 2,600 க்ளாக். அதே நம்பரை வெச்சுக்கிட்டு 166.5-க்கு இறக்கினீங்கன்னா இடைவெளி ரெண்டு மடங்கா ஆயிடும், டேட்டா அழிய ஆரம்பிக்கும், அதுவும் உடனே தெரியாது, எப்பவோ ஏதோ ஒரு ப்ரோக்ராம் காரணமே இல்லாம விழும். அதனாலதான் உங்க ஃபைல்ல 166500, 333000னு ஸ்பீடுக்கு ஒரு டேபிள், ஒவ்வொண்ணுலயும் கன்ட்ரோலர்ல எழுத வேண்டிய 46 ரெஜிஸ்டர் (செட்டிங்) வேல்யூ.

டிரைவரே கண்டுபிடிச்சுக்கக் கூடாதான்னு தோணும். பிசில போடற ரேம் ஸ்டிக்ல எஸ்பிடின்னு ஒரு குட்டி சிப் இருக்கும், டைமிங் எல்லாம் அதுலயே எழுதியிருக்கும். போர்டுல நேரா சால்டர் பண்ணின ரேமுக்கு பெரும்பாலும் அது கிடையாது, அந்த வேல்யூ போர்டு செஞ்சவங்ககிட்டதான் இருக்கு. போதாக்குறைக்கு ஒரே மாடல்ல ஒரு லாட்டுக்கு ஒரு கம்பெனி ரேம், அடுத்த லாட்டுக்கு வேற கம்பெனி ரேம். எந்த ரேம்னு சொல்ல போர்டுல ரெசிஸ்டரால ஒரு கோட் கட்டி வெச்சிருப்பாங்க, அதான் ராம்-கோட், டிரைவர் அதைப் படிச்சு பொருத்தமான டேபிள் செட்டை எடுத்துக்கும். இதையெல்லாம் டிரைவருக்குள்ள எழுதினா போர்டுக்கு ஒரு டிரைவர்னு ஆயிடும், டெக்ரா மாதிரி ஏஆர்எம் சிப்புங்க பக்கம் 2011 வாக்குல அந்த மாதிரி போர்டு ஃபைல் குவிஞ்சு லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸே கோவப்பட்டாரு. விவரம் வெளிய, டிரைவர் பொதுவான்னு பிரிச்சது ரொம்ப சரியான முடிவுன்னு நான் உறுதியா நம்பறேன். போர்டு விக்கற கம்பெனிங்க இந்த டேபிளை மெயின்லைனுக்கு (எல்லாருக்கும் பொதுவான லினக்ஸ் கெர்னலுக்கு) அனுப்பாம தங்களோட கெர்னல்லயே பூட்டி வெச்சா, சப்போர்ட் நின்ன அன்னிக்கே அந்த மிஷினுக்கும் பாதி உயிர் போயிடுதுங்க.

கை வைக்கறதா இருந்தா ரெண்டு இடத்துல கவனமா இருங்க. 46 நம்பருக்கும் பேரு கிடையாது, வரிசைதான் அர்த்தம். ஒண்ணு குறைஞ்சா டிரைவர் எரர் காட்டிடும், ரெண்டு இடம் மாறிப்போனா யாரும் சொல்லமாட்டாங்க. அடுத்தது யூனிட். டிவைஸ் ட்ரீல க்ளாக்-ஃப்ரீக்வென்சின்னா வழக்கமா ஹெர்ட்ஸ், இந்த டேபிள்ல மட்டும் கிலோஹெர்ட்ஸ். அதுக்கு மேல டெக்ரா 2-ல இஎம்சி (மெமரி கன்ட்ரோலர்) க்ளாக் பஸ் ஸ்பீடைப் போல ரெண்டு மடங்கு, டிரைவர் படிக்கும்போதே ரெண்டால பெருக்கிக்கும். அதனால டீபக்எஃப்எஸ்ல (கெர்னல் தன் உள்விவரத்தைக் காட்டற இடம்) 333000-க்கு பதிலா 666000000 வந்து நின்னா அது சரியாதான் இருக்கு, டேபிளைத் திருத்தப் போயிடாதீங்க.