பதில்: அப்பாவின் சத்து மாத்திரைகளைத் தொடரலாமா?

வணக்கம். எழுபது வயதைத் தொட்ட உங்கள் தந்தை, சளிக்காய்ச்சல் வராமலிருக்க எட்டு மாதங்களாகத் தினமும் 50 மி.கி. ஜிங்க் மாத்திரையும், வாரம் ஒருமுறை 60,000 யூனிட் வைட்டமின் டி-யும், வைட்டமின் சி-யும் எடுப்பதாகவும், அண்மையில் பசியின்மையும் மலச்சிக்கலும் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

எனக்கு முதலில் கவலை தருவது வைட்டமின் டி தான். இந்த அளவு பொதுவாக எட்டு வாரங்களுக்கே தரப்படுவது; அதைத் தாண்டி நீண்டால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, நீங்கள் சொன்ன அதே தொல்லைகள் வரக்கூடும் என்பதால், அதை நிறுத்திவிட்டு, கால்சியம், கிரியேட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டுவது), வைட்டமின் டி ஆகிய பரிசோதனைகளுடன் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

ஜிங்க் அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள்: 'ஜிங்க் சல்பேட் மோனோஹைட்ரேட் 55 மி.கி.' என்றிருந்தால் உண்மையான ஜிங்க் சுமார் 20 மி.கி. மட்டுமே. உண்மையான ஜிங்க்கே 50 மி.கி. என்றால், பெரியவர்களுக்கான நாளொன்றின் உச்ச வரம்பான 40-ஐ அது மீறுகிறது. மாதக்கணக்கில் தொடர்ந்தால் செம்புச்சத்து குறைந்து இரத்தசோகை வரலாம். வைட்டமின் சி சளியைத் தடுப்பதில்லை, வந்ததைச் சற்றே சுருக்கும், அவ்வளவுதான். இந்த வயதில், ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசியைப் பற்றி அதே மருத்துவரிடம் கேட்பது இவற்றைவிடப் பயனுள்ளது.