அந்த ஒரு வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு வயது 44. அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, மூன்று வருடம் டயாலிசிஸில் இருந்தார். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். கூடவே இருந்தது நான்தான். தங்கை தூரத்தில் இருக்கிறாள். போனில் மட்டும், "அக்கா, கடவுள் கைவிட மாட்டார், நம்பிக்கையோட இரு" என்பாள். ஒரே ஒரு ராத்திரி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அப்படிச் சொல்வாளா?

அம்மா பக்தியிலேயே வாழ்ந்தவர். தேவாரப் பதிகங்களைக் கைப்பட எழுதிய நோட்டு ஒன்று வைத்திருந்தார். டயாலிசிஸ் முடிந்து வந்து, ஊசி குத்திய கையில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்து, மறு கையால் நடுங்க நடுங்க எழுதுவார். அவருக்கே இந்தக் கதியா? நான் வேண்டாத நாளில்லை. ஒன்றுகூட அந்தக் கடவுளின் காதில் விழவில்லை. உறவினர்கள் கர்ம வினை என்கிறார்கள். தங்கையோ, "அம்மா இப்ப நிம்மதியா இருக்காங்க" என்கிறாள். அதைச் சொல்ல அவளுக்கு என்ன உரிமை?

கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். போன வாரம் பரீட்சைக்குக் கிளம்பிய மகள் கண்ணை மூடி நின்றாள். "கேட்டா மட்டும் கிடைச்சிடுமா?" என்று கத்திவிட்டேன். அம்மாவின் நோட்டைத் திறக்கவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. பீரோவில் துணிக்கு அடியில் கிடக்கிறது. கடைசி ராத்திரி மட்டும் வேறு மாதிரி வேண்டினேன், "போதும், கூட்டிட்டுப் போயிடு" என்று. விடிவதற்குள் போய்விட்டார். அது கிடக்கட்டும். தங்கையிடம் எப்படிப் பேசுவது? எனக்கு இனி கடவுள் நம்பிக்கை வருமா?

- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அது கிடக்கக் கூடாது. உங்கள் கடிதத்தில் தங்கை திரும்பத் திரும்ப வருகிறாள். அந்த ராத்திரி ஒரே ஒரு வரியில் வந்துவிட்டுப் போகிறது. நீங்கள் எட்டு மாதமாகச் சுமப்பது அந்த வரியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கொஞ்சம் யோசியுங்கள். மூன்று வருடம் எதுவுமே காதில் விழாத கடவுளுக்கு அந்த ஒரு ராத்திரி மட்டும் எப்படிக் கேட்டது? அவர் கேட்கவில்லை என்ற கோபத்தைவிட, அதை மட்டும் கேட்டுவிட்டாரோ என்ற பயம்தான் உங்களுக்குள் பெரிதாக இருக்கிறது. கோபத்தைச் சொல்ல முடிகிறது. பயத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

அம்மாவைக் கொண்டுபோனது உங்கள் வார்த்தை இல்லை, நோய். வருடக்கணக்கில் டயாலிசிஸில் இருப்பவர்களின் இதயமும் சேர்ந்தே தேய்கிறது. அவர்களின் மரணங்களுக்கு முதன்மையான காரணமே இதயக் கோளாறுதான். நீண்ட நாள் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களில் பலர் "போதும்" என்று ஒரு நாளாவது நினைக்கிறார்கள். என்னிடம் வருபவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதைச் சொல்வார்கள். அம்மா போக வேண்டும் என்றா வேண்டினீர்கள்? வலி போக வேண்டும் என்று வேண்டினீர்கள். அந்த நேரத்தில் இரண்டையும் பிரிக்க வழியில்லாமல் போயிற்று.

நம்பிக்கை போய்விட்டது என்கிறீர்கள். இல்லாத ஒருவர் மேல் யாரும் இவ்வளவு கோபப்பட மாட்டார்கள். கண்ணை இழந்த சுந்தரர் திருவாரூருக்குப் போய் என்ன பாடினார்? உமக்கே அடிமையானவர்கள் இப்படித் தவிக்கும்போது நீர் மட்டும் நன்றாக வாழ்ந்துபோம் என்று இறைவனை முகத்துக்கு நேரே ஏசினார். அந்த வசவையும் தேவாரம் என்றே ஏழாம் திருமுறையில் வைத்துப் பாதுகாத்திருக்கிறார்கள். உங்கள் அம்மாவின் நோட்டிலும் அந்தப் பதிகம் இருக்கலாம். நாளையே கோயிலுக்குப் போங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. போகாமலே இருந்தாலும் அது உங்கள் உரிமை. ஆனால் குற்ற உணர்ச்சியால் விலகி நின்றுகொண்டு, அதற்கு அவநம்பிக்கை என்று பெயர் வைக்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. மகளிடம் கத்தியது தவறு. அவள் பாட்டியை இழந்த பிள்ளை. அவளுக்கும் ஒரு துணை வேண்டியிருக்கிறது. "அன்னைக்கு அம்மா பேசினது தப்பு" என்று அவளிடம் சொல்லுங்கள். காரணம் விளக்க வேண்டாம்.

தங்கையின் ஆறுதல் உங்களுக்குக் குத்தியது நியாயம்தான். நாற்காலியில் உட்காராதவர்கள் நம்பிக்கையைப் பற்றிப் பேசினால் யாருக்கும் வலிக்கும். ஆனால் அந்த மூன்று வருடத்தில், "என்னால முடியல, நீ வா" என்று அவளிடம் ஒரு முறையாவது கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. கடவுளிடம் தினமும் கேட்டிருக்கிறீர்கள்; தங்கையிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

இப்போது கேளுங்கள், வரச் சொல்லி. நோட்டைத் தனியாகத் திறக்காதீர்கள்; அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ராத்திரி என்ன வேண்டினீர்கள் என்று அவளிடம் சொல்லுங்கள். அதே ராத்திரி, அவ்வளவு தூரத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என்ன வேண்டினாள் என்றும் கேளுங்கள்.