பிஞ்சு விரலுக்கு ஒரு வேலை: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல மூடி தூக்கிப் பாக்குற படப்புத்தகம் பத்தி, அதாவது பக்கத்துல ஒட்டின சின்னத் தாள் மூடியத் தூக்கினா கீழ ஒளிஞ்சிருக்குற படம் தெரியுற புக் பத்தி நாலு வரி எழுதினேன், அதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நெனைக்கல. மார்த்தாண்டத்துல இருந்து தோவாளை வரைக்கும் நம்ம ஜில்லாக்காரங்க எழுதியிருக்கீங்க. இடம் இருக்குற அளவு பதில் சொல்றேன்.

"அக்கா, என் மோளுக்கு ஒண்ணேகால் வயசு. பிறந்தநாளுக்கு அவ மாமன் ஒரு மூடி தூக்குற புக் வாங்கித் தந்தான், நானூறு ரூவா. ஒரே வாரத்துல எல்லா மூடியையும் பிச்சிட்டா. மாமியார் அதை எடுத்து அலமாரி மேல வெச்சிட்டாங்க, விவரம் வந்தப்பறம் குடுத்தா போதும்னு. என்ன செய்ய?" – ஒரு வாசகி, மார்த்தாண்டம்

முதல்ல அந்த புக்கைக் கீழ எடுங்க மக்ளே. அத்தை சொல்றது காசு வீணாப் போகுதேங்குற ஆதங்கம், அதுல தப்பில்ல, ஆனா அலமாரி மேல இருக்குற புக்கால பிள்ளைக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. ஒம்பது பத்து மாசத்துல பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேந்து ஒரு பொரியப் பொறுக்க வந்துரும், ஆனா பொறுக்குறது வேற, ஒண்ண மெதுவாத் தூக்கி மெதுவா விடுறது வேற, அந்த 'விடுறது' கைக்கு வர இன்னும் எவ்வளவோ நாளாகும். அதனால உங்க மோள் பிச்சது குறும்பு இல்ல, கை இன்னும் அவ்வளவுதான் வளந்திருக்கு. இன்னொண்ணும் இருக்கு. நீங்க முந்தானையால முகத்த மூடிட்டு "அம்மா எங்க?"ன்னு கேட்டு சட்டுனு எடுத்தா எப்படிச் சிரிப்பா? மறைஞ்சது இல்லாமப் போகல, அங்கயேதான் இருக்குங்குறத அந்த வயசுப் பிள்ளை திரும்பத் திரும்பப் பாத்து உறுதி பண்ணிக்கும். மூடி புக்கும் அதே விளையாட்டுதான், வித்தியாசம் என்னன்னா இங்க முந்தானையத் தூக்குற வேலை பிள்ளையோடது.

பிஞ்சத ஒட்டலாம். செல்லோடேப் மட்டும் வேண்டாம், நம்ம ஊரு ஈரக்காத்துக்கு மஞ்சளாகி ஓரம் உரிஞ்சு வந்துரும், பிள்ளை அதத்தான் முதல்ல வாயில வைக்கும். பழைய வேட்டித்துணில ஒரு விரல் அகலத்துக்கு நாடா கிழிச்சுக்கோங்க, பாதி மூடிக்குப் பின்னால, பாதி பக்கத்து மேல, நடுவுல மடிப்பு வர்ற மாதிரி வெள்ளைப் பசை போட்டு ஒட்டி, புக்க மூடி மேல அம்மிக்கொழவி வெச்சு ராத்திரி முழுக்க விட்டுருங்க. துணி மடங்கும், கிழியாது. மூடியே தொலைஞ்சு போச்சுன்னா பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில அதே அளவுக்கு வெட்டுங்க. அதுல படம் வேற இருந்தாலும் பரவால்ல, பிள்ளைக்கு மூடிக்குக் கீழ என்ன இருக்குங்குறதுதான் விஷயம்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்க தெருப் பிள்ளைகளுக்கு நான் புக் வாசிச்சுக் காட்டுறது வழக்கம். அதுல ரெண்டரை வயசுப் பையன் ஒருத்தன், ஒரு பக்கத்துல கதவு படம் வரும், அவன் அதத் தூக்கவே மாட்டான், முதல்ல மடக்கின விரலால டொக் டொக்னு தட்டுவான், தட்டிட்டு என் முகத்தையே பாத்துட்டு இருப்பான். ஏன்லே தொறக்கலன்னு கேட்டேன். "உள்ள ஆள் இருக்கான்னு கேக்கணும்லா"ன்னான். நான் "ஆரு?"ன்னு உள்ள இருந்து கேக்குற மாதிரி குரல் குடுத்தப்பறந்தான் தொறந்தான். இப்ப அந்தப் பக்கம் வந்தா எல்லாப் பிள்ளையும் தட்டித்தான் தொறக்குது, அதனாலயே அந்த மூடி இன்னும் கிழியாம இருக்கு. உங்க மோளுக்கும் தட்டச் சொல்லிக் குடுத்துப் பாருங்க.

"இவர் கல்ஃப்ல இருக்கார். நம்ம பிள்ளை மத்த பிள்ளைகளுக்குப் பின்னால போயிரக்கூடாதுன்னு போன்ல ஒரு கதை ஆப் போட்டுக் குடுத்திருக்கார், தொட்டா யானை கத்தும், மாடு ஆடும். பையனுக்கு ரெண்டு வயசு முடியல. அடுத்த வரவுல பட்டன் அமுக்குனா பாடுற புக் கொண்டு வரேங்கார். வாங்கலாமா?" – கொளச்சல்

வீட்டுக்காரர் பாசத்துல சொல்றார், அவர் மனசு நோகாம சொல்லுங்க. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது இது: ரெண்டு வயசுக்குள்ள உக்காந்து ஸ்கிரீன் பாக்குறதே வேண்டாம், அதுக்கப்பறம் நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல போகக்கூடாது. அதனால ஆப் இப்ப வேண்டாம்.

பாடுற புக்குல எனக்குப் பயமே அந்த பட்டன் பேட்டரிதான். காசு மாதிரி வட்டமா, பளபளன்னு இருக்கும், பிள்ளை முழுங்கிட்டா உணவுக்குழாயில சிக்கி ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே வெந்து புண்ணாக ஆரம்பிச்சிரும். அந்த மாதிரி புக் வீட்ல ஏற்கெனவே இருந்தா பின்பக்கம் திருப்பிப் பாருங்க, பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கி இருக்கணும், நகத்தால திறக்க வந்தா அன்னைக்கே பேட்டரியக் கழத்தி எறிஞ்சிடுங்க. முழுங்கியிருப்பானோன்னு சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காம, காத்துட்டு இருக்காம, நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.

தொட்டா ஏதாவது நடக்கணும்னா அதுக்குக் கரண்டும் வேண்டாம் பேட்டரியும் வேண்டாம். பிரான்ஸ்ல எர்வே துலேன்னு ஒரு ஓவியர் 2010ல ஒரு புத்தகம் போட்டார், மூடி கிடையாது, ஓட்டை கிடையாது, வெறும் வெள்ளத்தாளுல ஒரு மஞ்சள் புள்ளி. அமுக்குன்னு புக் சொல்லும், பிள்ளை அமுக்கும், பக்கத்தத் திருப்பினா புள்ளி ரெண்டாயிருக்கும். தேய், ஆட்டு, சாய், ஊதுன்னு சொல்லிட்டே போகும், ஒவ்வொரு தடவையும் அடுத்த பக்கத்துல புள்ளிங்க அதுக்கேத்த மாதிரி மாறியிருக்கும். பிள்ளை தாந்தான் அதைச் செஞ்சோம்னு நம்பும். ஆப்புல யானை கத்துறப்ப பிள்ளை பாத்துட்டுத்தான் இருக்கு, இங்க பிள்ளை இல்லாம கதை நகராது. அவருக்கு இதைச் சொல்லுங்க: வீடியோ கால்ல புக்கை நீங்க கேமராவுக்குக் காட்டுங்க, அங்க இருந்து "லே, ஊது பாப்போம்"னு அவர் சொல்லட்டும், இங்க பையன் ஊதட்டும். அப்பா சொன்னாத்தான் அடுத்த பக்கம்னு வெச்சிக்கோங்க.

"இந்த மாதிரி புக்கை முதல்ல யார் கண்டுபிடிச்சாங்க ஆன்ட்டி?" – மூணாங்கிளாஸ் மாணவி, நாகர்கோவில்

நல்ல கேள்வி மக்ளே. முதல்ல இது சின்னப் பிள்ளைங்களுக்காக வரவே இல்ல! 13ம் நூற்றாண்டுல ரமோன் லுல்னு ஒரு அறிஞர் தன்னோட சிந்தனைய விளக்க, சுத்துற காகித வட்டங்களப் புத்தகத்துக்குள்ள வெச்சார். அப்பறம் உடம்புக்குள்ள என்ன இருக்குன்னு மருத்துவம் படிக்கிறவங்க தூக்கித் தூக்கிப் பாக்குற படங்க வந்துச்சு. பிள்ளைங்க பக்கம் வந்தது 1760கள்ல, லண்டன்ல ராபர்ட் சேயர்னு ஒருத்தர் மேலயும் கீழயும் மடிச்ச தாளுல கதை போட்டார், மடிப்பத் திறந்தா படத்துல பாதி மாறிப் புதுக் கதையாயிரும். ஜெர்மனிக்காரர் லோதார் மெகன்டோர்ஃபர் (1847–1925) இன்னும் மேல போனார், ஓரத்துல ஒரே ஒரு காகித நாக்கை இழுத்தா படத்துல இருக்குறவரு கை, கண்ணு, வாய் எல்லாம் ஒண்ணா அசையும், உள்ளுக்குள்ள மூட்டுக்கு மூட்டு மெல்லிசு செம்புக்கம்பியால கோத்திருப்பார்.

இதைப் படிக்கிறப்ப எனக்கு நம்ம தோல்பாவைக்கூத்துதான் ஓர்மை வந்துச்சு. ஆட்டுத்தோலுல கை தனியா, கால் தனியா வெட்டி மூட்டுல கோத்து, குச்சியப் பிடிச்சு ஆட்டினா பாவை கையை வீசும். அதை ஆட்டுற கலைஞர் குடும்பங்க நம்ம ஜில்லாவுலயே இருக்காங்க. ஊருல கூத்து நடந்தா அப்பாவக் கூட்டிட்டுப் போகச் சொல்லு, முடிஞ்சப்பறம் திரைக்குப் பின்னால போய் ஒரு பாவையோட தோள்பட்டை மூட்டை மட்டும் பாத்துட்டு வா. இனி திரும்ப புக்குக்கு வருவோம். அம்மா நாய் வீடெல்லாம் தேடித் தேடிக் குட்டியக் கண்டுபிடிக்கிற மூடி புக்கை எரிக் ஹில் 1980ல போட்டார். அதுக்கு முன்ன 1969ல எரிக் கார்ல் போட்டது பசியெடுத்த புழுவோட கதை, புழு தின்ன பழத்துலயெல்லாம் நெசமாவே ஓட்டை இருக்கும். பஞ்சிங் மெஷின்ல தாளை ஓட்டை போட்டுட்டு இருந்தப்ப தோணின யோசனையாம் அது.

"எனக்குப் பெருசா எழுத்து வாசிக்கத் தெரியாது. கண்ணும் மங்கல். பேரன் புக்கத் தூக்கிட்டு வந்து மடியில உக்காருதான். நான் என்னத்த வாசிக்க?" – தோவாளை (மருமக எழுதித் தந்தது)

ஆச்சி, உங்க கடிதத்த நான் ரெண்டு தடவ வாசிச்சேன். அவன் மடியில வந்து உக்காந்துட்டான்ல, பாதி வேலை அங்கயே முடிஞ்சு போச்சு. எழுத்தே இல்லாத படப்புத்தகம் நிறைய இருக்கு, அதை வாங்கித் தரச் சொல்லுங்க, தொட்டா சொரசொரன்னும் மெத்துமெத்துன்னும் துணி ஒட்டின புக்கும் உங்க கண்ணுக்கு நல்லது, விரலே பாத்துக்கும். படத்துல மரம் இருந்தா உங்க வீட்டு மரத்தச் சொல்லுங்க. பூக்கூடை வந்தா விடியுறதுக்கு முன்ன தோவாளைச் சந்தையில பிச்சி என்ன வாசம் அடிக்கும், அருகம்புல் கட்டு எப்படி ஈரமா இருக்கும், அதச் சொல்லுங்க. நாளைக்கு வேற மாதிரி சொன்னாலும் தப்பில்ல, "நேத்து அப்படிச் சொல்லலியே ஆச்சி"ன்னு அவனே பிடிப்பான், அப்பறம் அவன் சொல்ல நீங்க கேக்கலாம்.

"தமிழ்ல இதெல்லாம் கிடைக்குமா? ஏன் இவ்வளவு விலை?" – தக்கலை

விலைக்குக் காரணம் கைவேலை. ஓட்டையும் மூடியும் அச்சு வெச்சு மெஷின் வெட்டிரும், ஆனா மூடிய ஒட்டுறது, எழும்பி நிக்கிற மடிப்பக் கோக்குறது எல்லாம் மனுசக் கை. நிறையப் பிரதி போட்டாத்தான் கட்டுப்படியாகும், தமிழ்ல அவ்வளவு போட முடியாததால மூடி புக் நம்ம மொழியில ரொம்பக் குறைவு, இது எனக்கு உள்ளபடியே வருத்தம். ஆனா நல்ல படப்புத்தகம் இருக்கு. சென்னையில 1996ல தொடங்கின தூலிகா தமிழ்லயும் இருமொழியிலயும் போடுறாங்க. 1994ல தொடங்கின தாரா புக்ஸ் கையாலயே அச்சடிச்சுக் கட்டுற புத்தகத்துக்குப் பேர் போனவங்க. நேஷனல் புக் டிரஸ்ட் புக் விலை குறைவு. பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் வலைத்தளத்துல தமிழ்க் கதை இலவசமா எடுத்து பிரின்ட் போட்டுக்கலாம், போட்டு நீங்களே மேல மூடி ஒட்டிக்கோங்க. வாங்குறதுக்கு முன்ன நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்துல பிள்ளைங்க பகுதியிலயும் ஒரு தடவ பாத்துருங்க.

"அங்கன்வாடியில இருபது பிள்ளைங்க. காசு கிடையாது, சார்ட் பேப்பர் இருக்கு. என்ன செய்யலாம்?" – மேல்புறம்

டீச்சர், நான் ஒரு தடவ செஞ்சது சொல்றேன், மாத்தூர் தொட்டிப்பாலம், அதாவது ஆத்துக்கு மேல உசரத் தூண் வெச்சு வாய்க்கால் தண்ணியத் தொட்டியில கொண்டு போற பாலம். ரெண்டு சார்ட் பேப்பரை நீளவாக்குல ஒட்டி விசிறி மாதிரி எட்டு மடிப்பு. மடிப்புக்கு மடிப்பு ஒரு தூண், மேல நீளத் தொட்டி. இடது ஓரத்துல ஒரு கீறல், வலது ஓரத்துல ஒரு கீறல், பின்பக்கம் இருந்து ஒரு நீல ரிப்பனை இதுல விட்டு அதுல வாங்குங்க. வலது பக்கம் வாழைத்தோப்பு. ரிப்பனை இழுத்தா பட்டணங்கால் வாய்க்கால் தண்ணி தொட்டியில ஓடி வாழைக்குப் போகும், அடியில பறளியாறு தனியா ஓடும். பாலம் 115 அடி உயரம்னு சொன்னா அந்த வயசுக்குப் புரியாது, தூணுக்குக் கீழ ஒரு ஆள எறும்பு அளவுக்கு வரைங்க, பிள்ளைங்களே "எம்மாடி"ன்னு சொல்லும். தூணுக்குப் பின்னால மூடி வெச்சு ஒரு ஆடு, ஒரு அணில், அன்னாசி விக்கிற அக்கா. இருபது பேருக்கும் ஆளுக்கொரு வேலை வேணும்ல, அதனால தண்ணி திறக்க ஒருத்தர், மூடி தூக்க ஆளுக்கு ஒருத்தர், மிச்சம் எல்லாரும் சளசளன்னு தண்ணிச் சத்தம் போடணும். நான் செஞ்சப்ப ஒரு குட்டி ரிப்பனை முழுசா உருவிட்டு "வறட்சி டீச்சர்"னு நின்னா. கீறலுக்கு வெளிய ரெண்டு பக்கமும் ஒரு பட்டன் தச்சிருங்க, உருவாது. பின்னு, ஸ்டாப்ளர் கம்பி ரெண்டும் கிட்டயே வேண்டாம், பசையும் நூலும் போதும்.

"நாலு வயசு மகன் ஒரே புக்கைத்தான் தினம் ராத்திரி வாசிக்கச் சொல்றான். எந்த மூடிக்குள்ள என்னன்னு அவனுக்கு மனப்பாடம். எனக்கு அலுத்துப் போச்சு. புது புக் வாங்கவா?" – ஒரு அப்பா, குழித்துறை

வாங்குங்க, ஆனா பழசை எடுத்துராதீங்க. உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சே தூக்குறதுதான் அவனுக்கு ருசி, சொன்னபடியே அது அங்க இருந்தா அவன் ஜெயிச்ச மாதிரி. இன்னைக்கு அவன் தூங்கினப்பறம் ஒரு மூடிக்குள்ள, ஏற்கெனவே இருக்குற படத்துக்குப் பக்கத்துல, பென்சிலால ஒரு சின்ன எறும்பு வரைஞ்சு வைங்க. ஒண்ணும் சொல்லாதீங்க. நாளைக்கு அந்தப் பக்கம் வர்றப்ப நீங்க புக்கப் பாக்காம அவன் முகத்தப் பாருங்க, என்ன சொன்னான்னு அடுத்த கடிதத்துல கட்டாயம் எழுதுங்க.