சிவப்புத் தொப்பிக்காரர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்பெயின் உள்நாட்டுப் போர் பற்றிய கட்டுரையில், குடியரசை எதிர்த்துக் கிளர்ந்த தளபதி ஃபிராங்கோ பக்கம் நின்ற எல்லோரையும் ‘பாசிஸ்டுகள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். நான் கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன். திருச்சபைக்காகவும் மன்னருக்காகவும் தாமாகவே போய்ச் சேர்ந்த விவசாயிகள் அந்தப் பக்கம் இருந்தார்கள் என்று படித்தேன். ரெக்கெத்தே என்று பெயராம். விசுவாசத்துக்காகப் போனவர்களையும் பாசிஸ்ட் என்பது நியாயமா?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

நியாயமில்லை. அந்தச் சொல்லைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் திருத்தியபின் அவர்களைப் பற்றிப் பேசுவது எனக்கு இன்னும் கடினமாகிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ரெக்கெத்தே என்பது கார்லிஸ்டுகளின் தொண்டர் படை. 1833-இல் ஏழாம் ஃபெர்னாந்தோ இறந்து மகள் இசபெல்லுக்கு முடி போனபோது, அது தம்பி கார்லோஸுக்கே உரியது என்று எழுந்தவர்கள் கார்லிஸ்டுகள். வெறும் பங்காளிச் சண்டையென்றால் நூறாண்டு நீடித்திருக்காது. ‘கடவுள், தாய்நாடு, ஃபுவேரோ, மன்னர்’ என்பது அவர்கள் முழக்கம். ஃபுவேரோ என்றால் அந்தந்தப் பகுதிக்கு வழிவழியாக வந்த சட்டமும் உரிமையும். மன்னரே அதற்குக் கட்டுப்பட்டவர். அரசே எல்லாம் என்ற பாசிசத்தோடு இது ஒட்டாது. 1934-இல் முசோலினியிடம் பணமும் ஆயுதமும் கேட்டுப் போனார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் ஃபிராங்கோவுக்கே அவர்களை அப்படியே விட்டுவைக்கத் துணிவில்லை. அவர்கள் தலைவர் ஃபால் கோந்தேயை 1936 டிசம்பரில் போர்ச்சுகலுக்குத் துரத்தினார். 1937 ஏப்ரல் 19 அன்று ஒரே ஆணையில் அவர்களையும் ஸ்பெயினின் பாசிசக் கட்சியான ஃபலாங்கேயையும் சேர்த்துக் கட்டிவிட்டார். நீலச் சட்டை ஃபலாங்கேயுடையது, சிவப்புத் தொப்பி கார்லிஸ்டுகளுடையது. இரண்டையும் ஒரே ஆள் போடவேண்டும் என்றாயிற்று.

அவர்களின் கோட்டை வட ஸ்பெயினின் நவார்ரா. நாம் கோட்டாற்றில் கும்பிடும் சவேரியார் பிறந்த மண். 1931-இல் வந்த குடியரசு பள்ளிச் சுவர்களிலிருந்து சிலுவையை இறக்கியது. மறுவருடம் சவேரியாரின் இயேசு சபையையே கலைத்தது. அந்தக் கிராமங்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 1936 ஜூலை 19 காலை, குடியரசை எதிர்த்துப் போரிட, கதிரறுப்பைப் போட்டுவிட்டு லாரி லாரியாக நவார்ராவின் தலைநகர் பாம்ப்லோனாவின் சதுக்கத்தில் வந்து இறங்கினார்கள். தாத்தா, மகன், பேரன் மூவரும் சேர்ந்து பெயர் கொடுத்த வீடும் உண்டு. போர் முடிவதற்குள் சுமார் 60,000 பேர் அந்தத் தொப்பியை அணிந்தார்கள். ஏறத்தாழ 6,000 பேர் திரும்பவில்லை.

அவர்கள் சட்டையில், நெஞ்சுக்கு நேரே, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு துணித்துண்டு தைத்திருக்கும். நடுவில் முள்முடி சுற்றிய திரு இருதயம். சுற்றிலும் நூலில் எழுத்து: ‘நில், தோட்டாவே! இயேசுவின் இருதயம் என்னோடு இருக்கிறது.’ ‘மார்கரீத்தாக்கள்’ என்று அழைக்கப்பட்ட கார்லிஸ்ட் பெண்கள் தைத்துக் கொடுத்தது. உங்கள் வீட்டு முன்னறையிலும் அதே திரு இருதயப் படம் மாட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்தத் துண்டைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் தைத்த கையைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அந்த விசுவாசத்தைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் எஸ்., நவார்ராவில் போர்முனையே கிடையாது. குடியரசுப் படை அங்கே கால் வைக்கவில்லை. இருந்தும் சுமார் 3,000 பேர் கொல்லப்பட்டார்கள்: தொழிற்சங்கத்துக்காரர்கள், ஊராட்சி உறுப்பினர்கள், பள்ளி ஆசிரியர்கள், நில உரிமை கேட்ட கூலிகள். குடியரசின் பகுதிகளில் குருக்களும் துறவிகளும் 6,800 பேர் வரை கொல்லப்பட்டார்கள், அது தனிக் கொடுமை. அதைக் காட்டி இதைக் கழித்துவிட முடியாது. நவார்ராவில் கொன்றவர்கள் ஃபலாங்கேக்காரர்கள் மட்டுமல்ல, சிவப்புத் தொப்பிகளும்தான். ஞாயிறு பூசைக்கு ஒரே கோயிலுக்குப் போன அக்கம்பக்கத்தார். ‘பாசிஸ்ட்’ என்ற சொல்லால் நான் தப்பித்துக்கொண்டது இங்கேதான். எங்கிருந்தோ வந்த கொள்கை அவர்களைக் கொல்லவைத்தது என்று நம்புவது எளிதாக இருந்தது.

1936 அக்டோபரில் நவார்ராவின் தஃபாயா என்ற ஊருக்கு ஒரு ரெக்கெத்தே அதிகாரியின் உடல் வந்தது. அடக்கம் முடிந்ததும் கூட்டம் சிறையை நோக்கிப் போனது. சில நாட்களுக்குள், 21-ஆம் தேதி, கைதிகளில் 60-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டுபோய் மோன்ரெயால் அருகே சுட்டுக் கொன்றார்கள்.

பாம்ப்லோனா ஆயர் மார்செலினோ ஒலாயெச்செயா, இந்தப் போரைச் சிலுவைப்போர் என்று முதலில் அழைத்த ஆயர்களில் ஒருவர். அவரே நவம்பர் 15 அன்று கத்தோலிக்கப் பெண்கள் முன் ‘இனி இரத்தம் வேண்டாம்’ என்று பேசினார். முனையில் செத்தவனின் உடல் ஊருக்கு வந்து, ஊர் கொதித்து நிற்கும்போது, அவனைப் பெற்றவள் பெட்டியருகே வந்து இரண்டு கையையும் விரித்து மறிக்கவேண்டும். என் மகனைச் சொல்லி ஒருவரையும் தொடாதீர்கள் என்று சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்தத் துணித்துண்டுகளைத் தைத்த ஊர்களின் பெண்களிடம்தான் கேட்டார்.