முதல் திருமணத்தை மறைத்தவரோடு சேர்ந்து இருக்கலாமா?

கேள்வி: இந்து முறைப்படி திருமணமாகி ஒன்பது மாதம் ஆகிறது. தரகர் தந்த பயோடேட்டாவில் அவருக்கு முதல் திருமணம் என்றே இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் பீரோவில் ஒரு விவாகரத்துத் தீர்ப்பைப் பார்த்தேன், அவருடையது. அன்றே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். "விவாகரத்து கேட்க ஒரு வருடம் ஆகணும், அதுவரை அங்கேயே போய் இரு" என்கிறார் பெரியப்பா. போகலாமா?

பதில்: போகாதீர்கள், சகோதரி. பெரியப்பா நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டால் உங்கள் வழக்கே கையைவிட்டுப் போய்விடும்.

அவர் சொல்லும் ஒரு வருடம் விவாகரத்து மனுவுக்கு உரியது. உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 12-வது பிரிவு, எதிர்த்தரப்பைப் பற்றிய முக்கியமான உண்மையில் மோசடி செய்து சம்மதம் வாங்கியிருந்தால் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம் என்கிறது. 'முக்கியமான உண்மை' என்ற இந்தச் சொற்கள் 1976 திருத்தத்தில் வந்தவை. சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னதையெல்லாம் நீதிமன்றங்கள் எளிதில் மோசடியாக ஏற்பதில்லை. முந்தைய திருமணத்தை மறைத்ததை மோசடி என்று உயர் நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன.

இதற்கு இரண்டு நிபந்தனைகள். மோசடி தெரிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும்; உங்களுக்கு இன்னும் ஒன்பது மாதம்தான். தெரிந்த பிறகு முழுச் சம்மதத்தோடு அவருடன் கணவன் மனைவியாக வாழ்ந்திருக்கவும் கூடாது. சமாதானத்துக்காக ஒரு மாதம் போய் இருந்தாலும், 'தெரிந்தேதானே வாழ்ந்தீர்கள்' என்று கேட்பார்கள். அன்றே கிளம்பி வந்தீர்களே, அதுதான் உங்கள் பலம்.

தீர்ப்பு வரும்வரை நீங்கள் சட்டப்படி அவர் மனைவிதான். மறுமணப் பேச்சு இப்போது வேண்டாம். மனுவை நீங்கள் வசிக்கும் ஊருக்குரிய குடும்ப நல நீதிமன்றத்திலேயே போடலாம். விசாரணை மூடிய அறையில் நடக்கும். ஊர் பேசுமே என்று தயங்காதீர்கள். ஒருவேளை கருவுற்றிருந்தால், ரத்தான பிறகும் குழந்தை சட்டப்படி முறையான வாரிசே. 16-வது பிரிவு அதைக் காக்கிறது.

"பெண் வீட்டாருக்கு முன்பே தெரியும்" என்றுதான் அவர்கள் வாதிடுவார்கள். அதனால் பயோடேட்டா, தரகரின் வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். போனையும் மாற்ற வேண்டாம். அந்தத் தீர்ப்பின் வழக்கு எண் நினைவிருந்தால் இன்றே எழுதி வையுங்கள். சான்றிட்ட நகலுக்கு வழக்கறிஞர் மூலம் விண்ணப்பிக்க அது உதவும்.